வாப்பா பிறந்ததற்கு ஒரு சாட்சி

இது நடந்து ஐந்தாறு வருடமாகிறது. இலங்கையில் குடியுரிமைச் சட்டம் என்று ஒன்று வந்து, யார் இந்நாட்டான், யார் இந்தியன் என்று அரசாங்கம் ஆட்களைத் தரம் பிரிக்கத் தொடங்கியிருந்த காலம். இடம், நிந்தவூரிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ். நேரம், காலை ஒன்பது மணி. என் வாழ்க்கையிலேயே மிக மோசமான பகிடியை நான் விட்டது அங்கேதான்.

பகிடி விடுவது என் தொழில் அல்ல, கெட்ட பழக்கம். தொழில் என்று பார்த்தால், கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புத்தகக்கடை. இந்தியாவிலிருந்து வரும் சஞ்சிகைகளை விற்பேன். விற்காதவற்றை நானே வாசிப்பேன். ஆகவே நான் நிறைய வாசித்தவன். வாலிபத்தில் ஏழு வருடம் தென்னிந்தியாவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். அங்கே நான் திருத்திய பிழைகளைவிட, அங்கிருந்து கொண்டுவந்த பிழைகள் அதிகம். அவற்றில் ஒன்று என் பேச்சு. ஊரெல்லாம் “ஓம்” என்று சொல்லும்போது நான் “ஆமாங்க” என்பேன். ஊரெல்லாம் கதைக்கும்போது நான் பேசுவேன். இது படித்தவன் என்பதற்கு அடையாளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி இதைச் சகித்துக்கொண்டாள். மாமியார் சகிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டுக்குப் போய்த்தான் வாழவேண்டும். வீடு பெண்ணுடையது, வளவு பெண்ணுடையது, ஆகவே அபிப்பிராயமும் பெண்ணின் தாயாருடையது. “உன்ட மாப்பிள்ள கடையப் பூட்டக்குள்ள அந்தக் கதையயும் உள்ள வெச்சிப் பூட்டிட்டு வரப்படாதா?” என்று நான் முற்றத்தில் நிற்கும்போது, மகளிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்பார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்தியிருந்தால் இதை எழுதவேண்டி வந்திராது.

அன்று பஸ்ஸை வழியில் மறித்து ஒரு பொலிஸ் சார்ஜன் ஏறினார். வேறு மாகாணத்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் கொஞ்சம் தெரியும், எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாது. கரையில் எங்கோ ஒரு தோணி ஒதுங்கியதாகவும், அக்கரையிலிருந்து அனுமதியில்லாமல் ஆட்கள் இறங்கியதாகவும் செய்தி. பஸ் முழுவதையும் பார்த்துவிட்டு அவர் என் முன்னால் நின்றார். பார்க்கவேண்டிய ஆளாகத்தான் நான் இருந்தேன். எல்லோரும் சாரம் உடுத்தியிருக்க நான் மட்டும் வெள்ளை வேட்டியும் ஜிப்பாவும். மடியில் இந்தியச் சஞ்சிகைக் கட்டு.

“எங்கே இருந்து வாறது?” என்று கேட்டார்.

நிந்தவூரில் ஒன்றுவிட்ட அக்காவான பெரிய ராத்தா வீட்டிலிருந்து என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் பஸ்ஸில் முப்பது பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கள்ளத்தோணியிலே வந்தேனுங்க. கடல்தான் கொஞ்சம் மோசமா இருந்திச்சு” என்றேன்.

பஸ் குலுங்கிச் சிரித்தது. பின் ஆசனத்தில் இருந்த மீன்காரர், “தோணிக்குப் பாய் இழுத்துக் கட்டின ஆரு காக்கா?” என்று கேட்க, இரண்டாம் முறையும் சிரித்தது. சார்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. குறிப்புப் புத்தகத்தை எடுத்து, நான் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதினார். எனக்கு ஒரு நல்ல வாசகர் கிடைத்துவிட்டார் என்று அந்தக் கணத்தில் நான் பெருமைப்பட்டதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பொலிஸ் நிலையத்தில் என் ஜிப்பாப் பையைத் துழாவினார்கள். பழைய அச்சக நண்பர் ஒருவர் எழுதிய கடிதம் இருந்தது. “நம் ஊருக்கு எப்போது திரும்பி வருகிறீர்கள்? உங்கள் நாற்காலி அப்படியே காலியாக இருக்கிறது” என்று அன்பொழுக எழுதியிருந்தார். அன்பு இவ்வளவு ஆபத்தானது என்று எனக்கு அதுவரை தெரியாது. பாஸ்போட் எங்கே என்று கேட்டார்கள். நான் போய் வந்த காலத்தில் பாஸ்போட்டும் இல்லை, விசாவும் இல்லை. டிக்கட் எடுத்தால் கப்பல். அதைச் சொன்னேன். தகப்பன் எங்கே என்று கேட்டார்கள். மவுத்தாகிவிட்டார் என்றேன். அடக்கம் எங்கே என்று கேட்டார்கள்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். வாப்பா புடைவை வியாபாரி. துணி எடுக்க இந்தியாவுக்குப் போய்வருவார். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது போனவர் அங்கேயே காய்ச்சலில் மவுத்தாகி, அங்கேயே அடக்கமானார். “இந்தியாவில்” என்றேன். சார்ஜன் பேனையை மூடினார். அவரளவில் வழக்கு முடிந்துவிட்டது.

குற்றம் ருசுவானால் மறியலில் அடைப்பார்கள். மறியல் முடிந்ததும் தலைமன்னாருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றுவார்கள் என்று கம்பிக்கு வெளியே நின்ற பொலிஸ்காரர் ஆறுதலாகச் சொன்னார். எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது, மனைவியின் வயிற்றில் ஏழு மாதம்.

அன்று பின்னேரம் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு குடை தெரிந்தது. குடைக்குப் பின்னால் ஒரு நரைத்த கறுப்புக் கோட்டு. அதற்குள் இருந்தவரைக் கண்டதும், சார்ஜனைக் கண்டபோது வராத வியர்வை எனக்கு வந்தது.

அவர் கல்முனையில் பேர்பெற்ற பிரக்கிராசியார். மெதடிஸ்த தமிழர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டு, மற்ற நாட்களில் நீதவான் கோட்டில் வாதம். பொலிஸ் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட எதிரிக்காக நிற்பார். குடியுரிமை மனு எழுதுவார். புருசன் பெண்சாதி பிணக்கு என்றாலும் அவரிடம்தான் போவார்கள். எங்கள் ஆட்களின் கல்யாணப் பிணக்கைக் காதியார்தான் விசாரிப்பார். அங்கே பிரக்கிராசிமாருக்கு நின்று கதைக்க இடமில்லை. ஆனால் விசாரணைக்கு முதல் நாள் இவருடைய விறாந்தையில் முக்காடிட்ட பெண்கள் நிறைந்திருப்பார்கள். காதியார் என்ன கேட்பார், என்ன சொல்லவேண்டும், எந்த இடத்தில் அழக்கூடாது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவரைக் கேலி செய்து ஒரு வாரப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தேன். பேர் போடவில்லை, குடையைப் போட்டேன். ஒரே காலையில் ஒரு தம்பதியைப் பிரித்து, ஒரு மாட்டுக்கள்ளனை விடுவித்து, ஓர் இந்திய வியாபாரியை இலங்கையனாக்கிவிட்டு, பத்தரைக்கு இஞ்சிப் பிளேன்டீ குடிக்கப் போகும் மனிதர் என்று எழுதியிருந்தேன். அந்த இதழ் என் கடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

“ஐயா, அந்தக் கட்டுரை...” என்று தொடங்கினேன்.

“எந்தக் கட்டுரை? நான் சட்டப் புத்தகமும் வேதாகமமும்தான் வாசிக்கிற” என்றார். “உங்கட மனிசியும் மாமியும் வந்தவங்க. முதல்ல ஒண்டு சொல்லுறன். இனி ஆரு என்ன கேட்டாலும் பகிடி விடப்படாது. பேர் கேட்டாலும் என்னைப் பார்த்துட்டுத்தான் சொல்லணும்.”

தலையாட்டினேன்.

“பொலிசுக்குச் சொன்ன ஒப்புதல் கோட்டில செல்லாது. அந்தப் பகிடிய நான் ஒரு நிமிசத்தில கொன்டுடுவன். ஆனா அது செத்தாலும் நீங்க தப்பல்ல. இந்த நாட்டான் எண்டு நிரூபிக்கிற பாரம் உங்கட தலையிலதான் கிடக்கு.”

அதற்கென்ன, என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது என்றேன். அதில் எனக்கு ஒரு தனிப் பெருமை. என் வயதில் அது இருப்பவர்கள் எங்கள் தெருவில் நாலு பேர்.

“பார்த்தன். அது நீங்க பிறந்ததுக்குச் சாட்சி” என்றார் அவர். “சட்டம் கேக்கிறது உங்கட வாப்பா பிறந்ததுக்கு.”

மறுநாள் கோட்டில் என்னைப் பிணையில் எடுத்தார். வழக்கு விசாரணைக்கு வந்த முதல் நாளன்று எங்கள் குடியின் மரைக்கார் சாட்சிக் கூண்டில் ஏறினார். எங்கள் ஊர்களில் ஒவ்வொருவரும் ஒரு குடியைச் சேர்ந்தவர். குடி தாய்வழி வரும். பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பார். கல்யாணம், மையித்து அடக்கம் எல்லாம் அவருக்குத் தெரிந்துதான் நடக்கும். அவரைவிடப் பெரிய சாட்சி எனக்கு யார்? நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

மரைக்கார் என்னை ஏமாற்றவில்லை. என் உம்மாவின் பேர், அவருடைய உம்மாவின் பேர், அவருடைய உம்மாவின் பேர் என்று ஏழு தலைமுறைப் பெண்களை மூச்சுவிடாமல் சொன்னார். ஒவ்வொருவரும் இருந்த வளவையும், வளவில் நின்ற மாமரத்தையும்கூடச் சொன்னார். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த முதலியாருக்கு வியர்த்துவிட்டது. நீதவான் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தகப்பன்?” என்றார்.

“அவரு மாப்பிள்ளையா வந்தவரு, ஐயா.”

“எங்கே இருந்து வந்தார்?”

“மேற்கால இருந்து. சம்மாந்துறைப் பக்கம் எண்டு கேள்வி.”

“அங்கே பிறந்தவரா? தகப்பனுடைய தகப்பன் யார்?”

மரைக்கார் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தடுமாறினார். “அதெல்லாம் நாங்க கேக்கிறல்ல, ஐயா. வந்த மாப்பிள்ள ஒழுங்கா இரிந்தாப் போதும்.”

கோடு சிரித்தது. ஒருவன் எங்கே சேர்ந்தவன் என்று எங்கள் ஊர் தாயைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. சட்டம் தகப்பனைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவில் நான் எதிரிக் கூண்டில் நின்றுகொண்டிருந்தேன். பிரக்கிராசியார் தவணை கேட்டார். மூன்று வாரம் கிடைத்தது.

அந்த மூன்று வாரத்தில் ஒரு வாரத்தை அவர் சம்மாந்துறைக்கும் கல்முனைக்கும் நடுவிலேயே கழித்தார். வாப்பா பிறந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் யார் பதிந்தார்கள்? பழைய கல்யாணப் பதிவுப் புத்தகங்கள் ஒரு வெள்ளத்தில் நனைந்து, காய்ந்து, பிறகு கறையானுக்கு உணவாகியிருந்தன. வாப்பாவுக்கு உடன்பிறப்பு இல்லை. அவர் பக்கத்துச் சொந்தம் என்று எங்கள் வாசலுக்கு ஒருவரும் வந்ததில்லை. ஏன் வந்ததில்லை என்று நானும் கேட்டதில்லை. ஊரிலுள்ளவர்களின் சங்கதியெல்லாம் கேட்டுக் கட்டுரை எழுதியவன், சொந்த வீட்டில் கேட்கவேண்டிய ஒன்றைக் கேட்கவில்லை.

எட்டாவது நாள் எங்களை விறாந்தைக்குக் கூப்பிட்டார். நான், மனைவி, மாமியார். மாமியார் கதவோரமாக முக்காட்டை இழுத்துவிட்டு நின்றார். அவரும் என் உம்மாவும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதிகள்.

“உம்மா, உங்கட சம்பந்தி சம்மாந்துறையில இருந்து வரக்குள்ள தனியாளாத்தான் வந்தவரா?” என்று பிரக்கிராசியார் சாதாரணமாகக் கேட்டார்.

மாமியார் பதில் சொல்லவில்லை.

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் என் மாமியார் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்று நான் கண்டதில்லை. பிரக்கிராசியார் எழுதுகோலை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “இருவத்தஞ்சு வருசமா நான் வீட்டுப் பிணக்குக் கேக்கிறன். பொம்பிளயள் சத்தம் போட்டா ஒண்டும் இரிக்காது. கதைக்காம நிண்டாத்தான் சங்கதி இரிக்கும்” என்றார்.

கதவோரமிருந்து மாமியாரின் குரல் வந்தது. வழக்கமான குரல் அல்ல.

“அவள் மவுத்தாகக்குள்ள என்ட கையப் புடிச்சிக் கேட்டவள், புள்ளைக்குச் சொல்லிராதீங்க எண்டு.”

வாப்பா என் உம்மாவை முடிப்பதற்கு முன் சம்மாந்துறையில் தன் சொந்த மாமியின் மகளைக் கல்யாணம் முடித்திருந்தார். இரண்டு வருடம் அந்த வீட்டில் வாழ்ந்திருக்கிறார். புடைவை வியாபாரத்துக்குக் கல்முனைக்கு வந்தவர், என் உம்மாவைக் கண்டிருக்கிறார். பிறகு திரும்பிப் போகவில்லை. லெப்பை ஒருவர் மூலம் தலாக்கைச் சொல்லி அனுப்பிவிட்டார். அத்தோடு அந்தப் பக்கத்துச் சொந்தம் முழுவதும் அவரைக் கைவிட்டது. அந்தப் பெண்மணி இன்னும் இருக்கிறார். பிறகு வேறு கல்யாணம், பிள்ளைகள், இப்போது கைம்பெண்.

எனக்குப் பத்து வயதில் போன வாப்பாவை நான் முப்பத்தேழு வயதுவரை படம்போல ஒரு நல்ல சட்டத்தில் போட்டு மாட்டி வைத்திருந்தேன். சட்டம் கோணியது. அன்று எனக்குப் பகிடி வரவில்லை.

பிரக்கிராசியார் மட்டும் உற்சாகமானார். “மாமிட மகள் எண்டா, ரெண்டு பேரும் ஒரே குடும்பம். ஆரு எங்க பிறந்த எண்டு அவவுக்குத் தெரியும். காவின் எழுதினதுக்கு ஒரு கடதாசி பொம்பிளப் பக்கத்துக்கும் குடுத்திருப்பாங்க. அதில மாப்பிள்ளைட தகப்பன் பேரும் ஊரும் கட்டாயம் இரிக்கும்.”

“நாற்பது வருடத்துக்கு முந்திய கல்யாணக் கடதாசி, ஐயா” என்றேன். “அதுவும் தலாக்கில் முடிந்தது. எப்போதோ கிழித்து அடுப்பில் போட்டிருப்பார்.”

“நீங்க ஆம்பிள. நீங்க கிழிப்பீங்க” என்றார் அவர்.

நான் உடனே சம்மாந்துறைக்குப் போகிறேன் என்று எழுந்தேன். அவர் கையால் இருத்தினார். “நான் போனா அது சம்மன். நீங்க போனா வாப்பாட முகத்தோட போறீங்க, கதவச் சாத்துவா. உங்கட மனிசி போகட்டும். போய்க் கெஞ்சத் தேவல்ல. உள்ளதச் சொன்னாப் போதும்.”

மனைவியும் மாமியாரும் கூடாரம் கட்டிய மாட்டுவண்டியில் போனார்கள். நான் கடையில் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் பதினெட்டுத் தடவை வாசித்தேன். பொழுது சாயத் திரும்பிவந்த மனைவி, நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பெண்மணி அவர்களைப் பாய் போட்டு இருத்தி எல்லாவற்றையும் கேட்டாராம். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையாம். எல்லாம் சொல்லி முடிந்த பிறகு இரண்டே கேள்விதான் கேட்டிருக்கிறார்.

“எத்தின மாசம்?”

“ஏழு.”

“அவன அனுப்பிட்டா நீ என்னகா செய்வா?”

“என்ன செய்யிற? வாசலப் பார்த்துக்கிட்டு இரிப்பன்” என்றிருக்கிறாள் என் மனைவி.

அதற்குப் பிறகு அவர் எழுந்து உள்ளே போய், சோறு போட்டு, சாப்பிடவைத்து அனுப்பிவிட்டாராம். கடதாசி இருக்கிறதா என்றும் சொல்லவில்லை. வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

“சோறு போட்டவதானே?” என்றார் பிரக்கிராசியார், இதைக் கேட்டுவிட்டு. “அப்ப பார்ப்பம்.”

வழக்கு நாளன்று காலை ஒன்பதரைக்கும் அந்தப் பெண்மணி வரவில்லை. பத்துக்கும் வரவில்லை. என் வழக்கைக் கூப்பிட்டார்கள். பிரக்கிராசியார் எழுந்து, முதலில் என் பஸ் பகிடியைக் கொன்றார். பொலிசாரிடம் சொன்னது சாட்சியாகாது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல, சார்ஜனின் குறிப்புப் புத்தகம் மெல்ல மூடிக்கொண்டது. அது முடிந்தது. இனிச் சொல்ல ஒன்றுமில்லை. என்றாலும் அவர் உட்காராமல், சட்டம் பற்றி ஏதோ நீட்டி முழக்கிக்கொண்டு நின்றார். நீதவான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நான் பின்னால் வாசலைப் பார்த்தேன். மனைவியும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வண்டிமாட்டின் சலங்கை கேட்டது.

உயரமான, மெலிந்த பெண்மணி. அறுபதை அண்டிய வயது. வெள்ளைப் புடைவை, இறுக்கிய முக்காடு. கையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். பின்னால் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இரண்டு ஆண்மக்கள். தாயார் ஊர்ச் சபையில் பழைய தலாக்கைச் சொல்லப்போகிறார் என்பது அவர்களுக்கு விருப்பமில்லை என்று பார்த்த உடனேயே தெரிந்தது. சுணங்கியதற்கும் அவர்கள்தான் காரணம் என்று பிறகு அறிந்தேன்.

கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தார். பொட்டலத்தை அவிழ்த்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, உள்ளே துணி வைத்து ஒட்டிய காவின் கடதாசி. மாப்பிள்ளையின் பேர், அவர் தகப்பனின் பேர், சம்மாந்துறை என்ற ஊர். என் வாப்பாவின் பேரை அந்த எழுத்தில் கண்டபோது, அது என் வாப்பாவாகவும் வேறு யாரோ ஒருவராகவும் தெரிந்தது.

“அவரு சம்மாந்துறையிலதான் பொறந்தவரு. என்ட உம்மாதான் மருத்துவிச்சி. அவவுட கையிலதான் பொறந்தாரு. அதச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குக் கலியாணம் பேசின” என்றார்.

பொலிஸ் தரப்பில் எழுந்து, இது கேள்விப்பட்ட சாட்சி என்றார்கள். மவுத்தான உறவினர் குடும்பச் சங்கதி பற்றிச் சொல்லிவைத்ததைச் சட்டம் கேட்கும் என்றார் பிரக்கிராசியார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் புத்தகம் புரட்டினார்கள். நீதவான் கேட்கத் தீர்மானித்தார்.

பொலிஸ் தரப்பு வேறு வழியால் வந்தது. “இந்த எதிரியின் தகப்பன் உங்களை விட்டுவிட்டுப் போனவர்தானே?”

அவருடைய மூத்த மகன் நிலத்தைப் பார்த்தார்.

“ஓம்.”

“பிறகு எதுக்காக அவருக்குச் சாட்சி சொல்ல வந்தீங்க?”

“அவருக்குச் சொல்லல்ல, மனே. உள்ளதச் சொல்லுறன். அவரு என்ன விட்டுட்டுப் போனதும் உண்மை, அந்த ஊரில பொறந்ததும் உண்மை. ஒண்ட மறைச்சிட்டு ஒண்ட மட்டும் சொல்ல ஏலுமா?”

முதலியார் இதை மொழிபெயர்க்கச் சற்று நேரம் எடுத்தார். நீதவான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கடதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதை ஏன் இவ்வளவு காலம் கவனமா வைத்திருந்தீங்க?” என்று அவரே கேட்டார்.

“அவரு போட்டுட்டுப் போன சாமான் இது ஒண்டுதான், ஐயா. மத்ததெல்லாத்தையும் கொண்டுபோயிட்டாரு. குடை உட்பட.”

முதலியார் குடையையும் சேர்த்து மிகக் கண்ணியமாக மொழிபெயர்த்தார். நீதவான் சிரித்துவிட்டார். கோட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்மணி தன் கஷ்டத்தை ஒரு பகிடிக்குள் வைத்துக் கொடுத்தார். நானோ பகிடி விட்டுக் கஷ்டத்துக்குள் விழுந்தவன். இரண்டுக்கும் உள்ள தூரத்தை நான் அன்றுதான் கண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு முன் என்னை விடுவித்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. நான் அவர் முன்னால் போய் நின்றேன். இந்த உறவுக்கு எங்கள் ஊரில் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஸலாம் மட்டும் சொன்னேன்.

அவர் என் முகத்தை நிதானமாகப் பார்த்தார். “மூக்கு அவருடயதுதான்” என்றார். “வாயும் அவருடயதுதான் எண்டு கேள்விப்பட்டன். பஸ்ஸில.”

“என்ன சொல்லிக் கூப்பிடுற?” என்று கேட்டேன். இந்தியத் தமிழ் எங்கே போனதோ தெரியாது.

“பெரியும்மா எண்டு சொல்லு. உன்ட உம்மாக்கு முந்தி வந்தவள்தானே.”

“பெரியும்மா, எங்கட வாப்பா உங்களுக்குச் செய்ததுக்கு...”

“அத அவரு அல்லாட்டச் சொல்லிக்கொள்ளட்டும். உனக்கென்ன அதில?” என்று வெட்டினார். பிறகு அப்பால் நின்ற என் மனைவியைக் கண்ணால் காட்டினார். “நான் உன்ட வாப்பாக்கு வரல்ல. உனக்கும் வரல்ல. இவளுக்காக வந்த. புரிசன் வருவான் எண்டு வாசலப் பார்த்துக்கிட்டு இரிக்கிற என்ன மாதிரி எண்டு எனக்குத் தெரியும். அது ஒரு பொம்பிளைக்குப் போதும். இன்னொருத்திக்கு வேணா.”

மனைவி அழுதாள். மாமியார் மூக்கைச் சிந்தினார். நான் வண்டிமாட்டைப் பார்த்தேன். மாடும் என்னைப் பார்த்தது.

பிரக்கிராசியார் குடையை விரித்துக்கொண்டு படியிறங்கி வந்தார். நான் நன்றி சொல்லத் தொடங்குமுன் கையை உயர்த்தினார்.

“நீங்க எழுதினதில ஒரு பிழை இரிக்கு, தம்பி.”

“எதில ஐயா?”

“ஒரு காலையில மூண்டும் செய்ய ஏலாது. பொலிஸ் வழக்கு, குடியுரிமை, வீட்டுப் பிணக்கு மூண்டும் உங்கட வழக்கில ஒண்டாத்தான் கிடந்தது. எனக்கு மூண்டு கிழமை போயிட்டு. பிளேன்டீ குடிக்கவும் நேரமில்ல.”

அவர் எல்லாவற்றையும் வாசித்திருந்தார். இலவசமாக வாதாடினார் என்று எழுதினால் இந்த அனுபவம் இன்னும் உருக்கமாக இருக்கும். ஆனால் அவர் தன் கட்டணத்தை முறைப்படி வாங்கிக்கொண்டார். வாங்கியதற்கு ரசீதும் தந்தார். அந்த மரியாதையும் எனக்குப் பிடித்திருந்தது. கேலி செய்தவன் என்பதற்காக என் வழக்கில் அவர் ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. ஒரு நடையையும் மிச்சம் பிடிக்கவில்லை. அடுத்த வாரம் அதே பத்திரிகையில், அதே இடத்தில், என்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அதுவும் என் கடையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதில் குடையைப் போடவில்லை, பஸ்ஸைப் போட்டேன்.

மூன்றாவது பிள்ளை பெண். மருத்துவிச்சியின் கையிலிருந்து பிள்ளையை முதலில் வாங்கியது, சம்மாந்துறையிலிருந்து யாரும் கூப்பிடாமலே வண்டி கட்டிக்கொண்டு வந்த பெரியும்மா. மாமியாருக்கும் அவருக்கும் இப்போது நல்ல ஒற்றுமை. பெரும்பாலும் என்னைப் பற்றிக் கதைப்பதில்.

ஒவ்வொரு பெருநாளும் தொழுகை முடிந்ததும் நான் முதலில் போவது சம்மாந்துறைக்குத்தான். எத்தனை மணிக்குப் போனாலும் அவர் வாசலில்தான் நிற்பார். “இப்பதான் வாறயா?” என்று ஏசுவார். நான் “ஓம், பெரியும்மா” என்பேன். சட்டம் கேட்ட தகப்பன் வழியை எனக்குத் தேடித் தந்தவர், அந்தத் தகப்பன் விட்டுவிட்டுப் போன பெண். அவர் நிற்கும் அந்த வாசலுக்கு ஒரு நாளும் பிந்திப் போகக்கூடாது என்பதுதான் நான் இந்த நாட்டவன் என்ற வகையில் எனக்குத் தெரிந்த ஒரே கடமையாக இன்றும் இருக்கிறது.